முழுப் பங்களிப்பு

போன் வந்தபோது ஜிப்புக்காரரின் வாயில் ஒரு ரன்னர் இருந்தது. ஜிப்பை மூடவும் திறக்கவும் நாம் பிடித்து இழுக்கிறோமே, அந்தச் சின்ன உலோகத் தலைதான் ரன்னர். அதை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டுதான் அவர் வேலை செய்வார். இரண்டு கைகளும் பைக்குள் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு கை வேண்டும், அதற்குத்தான் வாய் இருக்கிறது என்பார். அதனால் அவர் மனைவிதான் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பாதி பிரித்துப் போட்டிருந்த முதுகுப் பையின் மேல் வைத்தாள்.

"வணக்கம். நிறுவனர் அவர்களோட பேசலாமா?" என்றது ஓர் இளைஞனின் குரல்.

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. சுவரெல்லாம் ஆணிகள், ஆணிகளெல்லாம் பைகள். சக்கரம் கழன்ற பெட்டிகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. நிறுவனர் என்று சொல்லத்தக்கவர் வாயில் ரன்னரோடு முழித்துக்கொண்டிருந்தார்.

"இருக்காரு, சொல்லுங்க."

"டிவிலேருந்து பேசறேங்க. நான் ஒருங்கிணைப்பாளர். சிறுதொழில்ல சாதிச்சவங்களைத் தேடித் தேடி எடுக்கிற நிகழ்ச்சி நம்மளோடது, 'உச்சியில் ஒருவர்'னு. இந்தத் தடவ உங்க நிறுவனம் தேர்வாகியிருக்கு. வாழ்த்துகள் சார்."

ரன்னர் வாயிலிருந்து நழுவி, மேசைக்கடியில் எங்கேயோ உருண்டு போயிற்று. அவர் அதைத் தேடவில்லை. ரன்னர் விழுந்தால் தேடாத ஜிப்புக்காரரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கேமராவோடு கடைக்கே வருவார்களாம். தொகுப்பாளினி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாராம். அரை மணி நேர நிகழ்ச்சி முழுக்க அவர் ஒருவர்தானாம். ஒவ்வொன்றுக்கும் அவர் "சரிங்க, சரிங்க" என்று போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஒரே ஒரு விஷயம் சார்," என்றான் ஒருங்கிணைப்பாளன். "நிகழ்ச்சிக்கு உங்க பங்களிப்பு எந்த அளவுல இருக்கும்னு சொன்னீங்கன்னா குறிச்சுக்குவேன். நிறைய பேர் பாதிப் பங்களிப்போட நிறுத்திக்கறாங்க."

ஜிப்புக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாதியா? நான் எதையும் பாதியில விட்டதில்லைங்க. கைல எடுத்தா முழுசாத்தான் முடிப்பேன். முழுப் பங்களிப்புன்னே போட்டுக்குங்க."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் தேனாகிவிட்டது. "சார், ரொம்ப ரொம்ப சந்தோஷம் சார். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாக்கறதே அபூர்வம்."

"பாருங்க, குரலைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிச்சிட்டாரு," என்றார் அவர், போனை வைத்தபின்.

"தேர்வாகியிருக்கீங்களாமே."

"பள்ளிக்கூடத்துல எழுதின பரீட்சை ஒண்ணுலயும் தேறல. எழுதாத பரீட்சைல தேறிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவருடைய சிரிப்பு தோளில் தொடங்கி, வயிற்றுக்குப் போய், கடைசியில்தான் வாய்க்கு வரும். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பை வாங்க வந்த பெண்மணி படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பக்கத்துக் கடை சாவிக்காரருக்குத்தான் முதலில் சேதி போயிற்று. அவர் மாற்றுச்சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டே வந்தார்.

"இத்தனை வருஷமா ஊர்க் கதவையெல்லாம் நான் திறந்துவிடறேன். எனக்கு ஒரு கதவு திறக்கல பாருங்க. உங்களுக்குத் தானா வந்து தட்டுது."

"நீங்களும் வந்து நில்லுங்க, ஓரமா."

"ஓரமாவா? நடுவுலதான் நிப்பேன். நீங்க வேணா ஓரமா உட்காருங்க."

மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு மட்டும் தானே சொல்ல வேண்டும் என்று ஜிப்புக்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஏறிப் போனார். அதற்குள் சாவிக்காரரின் குரல் மாடிவரை போய்ச் சேர்ந்திருந்தது. நாத்தனார் தம்பியைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"டிவில வரப்போற மூஞ்சியா இது? மூக்குல முடி எட்டிப் பாக்குது. முதல்ல அதை வெட்டு."

"வெட்டறேன்க்கா."

"ஏம்மா, நீ பக்கத்துலயே உட்காரு. ஆனா வாயைத் திறக்காதே. நீ பேசினா அவன் பேசமாட்டான்."

"ஒரு ஸ்டூல்தான் இருக்கு அண்ணி. யார் வாயைத் திறந்தாலும் நின்னுக்கிட்டேதான் திறக்கணும்," என்றாள் அவள்.

அந்த நாட்களில் அவர்களுக்குக் காத்திருப்பதற்கு இன்னொன்றும் இருந்தது. செருப்புக் கடை ஒன்றை மூடிக்கொண்டு போகிறவரிடம், கனத்த தோலையும் இரண்டு மடிப்புத் துணியையும் வெண்ணெயாகத் தைத்துத் தள்ளும் பெரிய தையல் மெஷின் ஒன்று விலைக்கு இருந்தது. வார இறுதிவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஜிப்புக்காரரின் வலது கட்டைவிரல் மூட்டு வீங்க ஆரம்பித்து வெகுநாளாயிற்று. பெட்டிக் கைப்பிடிகளை ஊசியால் குத்திக் குத்தித் தைத்ததன் பலன் அது. காலையில் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. "பொத்தானுக்குப் பதிலா ஜிப்பு வெச்சுக்கறேன் விடு," என்று அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. அந்த மெஷினுக்காகச் சேர்த்த பணம் ஓர் உறையில், பழைய மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது.

படப்பிடிப்புக்கு முந்தைய நாட்கள் திருவிழாக் கணக்காய்ப் பறந்தன. ஆணியில் தொங்கிய பைகளை இறக்கித் தூசி தட்டினார்கள். பெரிதிலிருந்து சிறிதாக மாட்டினார்கள். நன்றாயில்லை என்று நிறம் பார்த்து மாட்டினார்கள். யாருடைய பை எது என்று தெரியாமல் போய், கொடுத்தவர்களிடமே "உங்களுது எதுன்னு நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லும்படி ஆனது. மத்தியானத்தில் ஆள் வராத நேரம் பார்த்து அவள் மெழுகுவத்தியை மைக்காகப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பாள்.

"சொல்லுங்க சார், நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

"வேற தொழில் கிடைக்கல."

"அப்படியா சொல்வாங்க டிவில?"

"சரி, வேற எப்படி சொல்லணும்?"

"சின்ன வயசுலேருந்தே ஆர்வம்னு சொல்லுங்க."

"சின்ன வயசுல என்கிட்ட பையே இல்லையே. புத்தகத்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுல்ல போனேன்."

"அதைச் சொல்லுங்க. அது நல்லா இருக்கு."

அவர் யோசித்தார். "அது நல்லா இருக்கா?" என்று கேட்ட முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தன்னிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு அவர் வாய் ஓயவில்லை. சோப்புப் போடும்போது பேசினார், தட்டில் கைவைத்தபடி பேசினார், ஜிப்பின் பித்தளைப் பல்லுக்கும் நைலான் பல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணாடியைப் பார்த்து விளக்கினார். அந்த வாயை மூடிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

படப்பிடிப்பு நாளன்று மழை விட்டிருந்தது. வேன் ஒன்று தெருமுனையில் நின்றது. ஒருங்கிணைப்பாளன் முதலில் இறங்கினான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தேங்கிய தண்ணீரில் தன் வெள்ளை ஷூ படாமல் கொக்கு மாதிரி தாண்டித் தாண்டி வந்தான். பின்னால் கேமராக்காரர், விளக்குகள், கடைசியாகக் கையில் அட்டைகளோடு தொகுப்பாளினி. அவள் வாயில் ஏதோ சூயிங்கம். விளக்குகளைப் போட்டதும் கடை அடுப்பு மாதிரி காய்ந்தது. வெளியே தெரு முழுக்கத் தலைகள். சாவிக்காரர் சொன்னபடியே நடுவில் வந்து நின்றார். கேமராக்காரர் அவரைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். அவர் மறுபடி நடுவுக்கு வந்தார்.

"முதல்ல ஒரு ஒத்திகை பாத்துக்கலாம் சார். அப்புறம் பதிவு," என்றான் ஒருங்கிணைப்பாளன்.

தொகுப்பாளினி சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒரே நொடியில் முகம் முழுக்கப் புன்னகையை விரித்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"வணக்கம் ஐயா. இதுவரைக்கும் எத்தனை பற்களைச் சரிசெஞ்சிருப்பீங்க?"

ஜிப்புக்காரர் ஒரு கணம் அசந்துபோனார். அவர் முகம் மலர்ந்ததை மனைவி பார்த்தாள். எப்படித் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள் என நினைத்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே பல்லில் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஜிப்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் அந்தச் சின்னத் துண்டுகளுக்குப் பல் என்று பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

"எண்ண முடியாதுங்க. ஒரு பெரிய பயணப் பைலயே முந்நூறு நானூறு பல்லு இருக்கும். ஒரு பல்லு சாய்ஞ்சாப் போதும், மத்தது எல்லாம் சும்மா."

தொகுப்பாளினி பதிலைக் கேட்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்தாள். "விழுந்த பல்லுக்கு பதிலா வேற பல் வெச்சா, அது நிலைக்குமா?"

"நிலைக்கும். பித்தளைக்குப் பித்தளை, அதே அளவு, வேற பழைய பைலேருந்து எடுத்து வெச்சு குறடால மெதுவா அழுத்தணும். ரொம்ப அழுத்தினா பக்கத்துப் பல்லு கோவிச்சுக்கும்."

வெளியே யாரோ கைதட்டினார்கள்.

"பிடுங்கறதைத் தவிர வேற வழியே இல்லைன்னு எப்ப முடிவு பண்ணுவீங்க?"

அவர் மூச்சு வாங்கினார். அட்டையைப் பார்த்தார், தொகுப்பாளினியைப் பார்த்தார். பிறகு குரல் இன்னும் கனிந்தது. "பல்லு கெட்டுப்போனா காப்பாத்திடலாம். பல்லைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற நாடா இருக்கு பாருங்க, அது நைஞ்சுபோச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது. அப்ப எல்லாத்தையும் பிரிச்சுட்டுப் புதுசுதான் வெக்கணும். ஆனா சட்டுனு சொல்லிடமாட்டேன். அந்தப் பை அவங்களோட எங்கெல்லாம் போயிருக்கோ. கொஞ்சம் பேச்சுக் கொடுத்துட்டுத்தான் சொல்வேன்."

"சின்னக் குழந்தைங்க, வயசானவங்க பயப்படுவாங்களே, எப்படிச் சமாளிக்கறீங்க?"

"பயப்படறது நியாயம்தானே. ஊருக்குக் கிளம்பற அன்னைக்குக் காலைல, எல்லாம் அடுக்கி முடிச்சதும் ஜிப்பு வாயைப் பிளந்துக்கும். அழுதுக்கிட்டே வருவாங்க. உட்காருங்க, ஒண்ணுமில்ல, அஞ்சே நிமிஷம்னு சொல்வேன். சொல்லிட்டு அரை மணி நேரம் எடுத்துக்குவேன்."

தெரு சிரித்தது. நாத்தனார் மாடிப்படியில் நின்று, "இவன் இப்படியெல்லாம் பேசுவானா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"தினமும் ரெண்டு வேளை துலக்கணும்னு சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?"

மனைவிக்கு அங்கேதான் ஏதோ இடித்தது. துலக்குவதா? ஆனால் அவர் தடுக்கி விழவில்லை.

"ரெண்டு வேளையெல்லாம் வேணாங்க. மாசத்துக்கு ஒரு தடவ, பல் துலக்கற பழைய பிரஷ்ஷால தூசியைத் தட்டிட்டு, மெழுகுவத்தியை மேலயும் கீழயும் தேச்சு விட்டாப் போதும். நமக்கு முன்னாடி அந்தப் பல்லு விழாது."

கைதட்டல் அடங்குவதற்குள் ஒருங்கிணைப்பாளன் அவளைக் கண்ணால் கூப்பிட்டான். கடையின் பின்பக்கம், பெட்டிகள் அடுக்கிய மூலையை மறைத்து ஒரு திரை உண்டு. அதற்குப் பின்னே போனார்கள்.

"அம்மா, அந்த முழுப் பங்களிப்பை முடிச்சிட்டீங்கன்னா பதிவை ஆரம்பிச்சிடலாம்."

"முழுசாத்தான் பண்ணிக்கிட்டிருக்காரு தம்பி. வேர்த்து ஊத்துது பாருங்க."

"அது இல்லம்மா. தொகை." அவன் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தான். "கால் பங்களிப்பு, பாதி, முழுசுன்னு மூணு வகை. சார் முழுசுன்னு சொல்லியிருக்காரு. அதான் அரை மணி நேரம். போன்ல பேசினது பதிவாகியிருக்கு."

அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தை அவள் பார்த்தாள். மெஷின் விலைக்கு அது கொஞ்சம்தான் குறைச்சல். பங்களிப்பு என்ற அந்த வார்த்தை அவள் கண்ணெதிரே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றது.

அவள் கத்தவில்லை. வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. "தம்பி, இதுக்கு முன்னாடி யாரைப் பேட்டி எடுத்தீங்க?"

"போன வாரமா? ஒரு பல் டாக்டர்மா. பெரிய ஆஸ்பத்திரி. அவரும் முழுப் பங்களிப்புதான்." அவன் சொல்லிக்கொண்டே போன் பார்த்தான். "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டா நல்லது. அடுத்த இடத்துக்குப் போகணும்."

அட்டையை மாற்றாமல் வந்திருக்கிறார்கள். ஜிப்புக்காரர் அத்தனை ஆசையோடு பதில் சொன்ன கேள்விகளில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

திரை இடுக்கில் அவள் எட்டிப் பார்த்தாள். விளக்குக்கு நடுவே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சாவிக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. இந்த மனிதரை யாரும் எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பை எப்போ கிடைக்கும் என்று கேட்பார்கள், கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா என்பார்கள். இனி யார் கேட்கப்போகிறார்கள்? மெஷின் இன்னொன்று வரும். மூடுகிற செருப்புக் கடை ஊரில் ஒன்றா இரண்டா. கட்டைவிரலுக்கு மருந்து தேய்த்துக்கொள்ளலாம், பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். இப்போது அவர் காதில் போய் "அது பல் டாக்டருக்கு வைத்திருந்த கேள்வி" என்று சொல்கிற வாய் தனக்கு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த பழைய மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளை ஒதுக்கினாள். உறை கைக்கு வந்தது.

"என்ன தேடற?"

அவர் திரையைத் தூக்கிக்கொண்டு நின்றார். முகத்தில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல. நீங்க போய் உட்காருங்க. ஆரம்பிக்கப்போறாங்க."

"அது மெஷின் காசுல்ல?"

அவள் ஒருங்கிணைப்பாளனைப் பார்த்தாள். அவன் தாளை அவரிடம் நீட்டினான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை, தள்ளி நின்றே படித்தார். படித்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் வெளிய இருங்க," என்றார். அவன் போனான்.

"கொடுத்துடலாங்க," என்றாள் அவள், மெதுவாக. "எவ்வளவு நல்லாப் பேசினீங்க. நாலு பேர் பாக்கணும்."

"நாலு பேர் என்ன, தெருவே பாத்தாச்சு."

"இது ஊர் முழுக்கப் பாக்கும். கேள்வியும் எவ்வளவு நல்ல கேள்வி. உங்களுக்குன்னே யோசிச்சுக் கேட்ட மாதிரி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது பல் டாக்டருக்கு வெச்சிருந்த கேள்விடீ."

அவள் கையிலிருந்த உறை மடங்கியது. "உங்களுக்குத் தெரியுமா?"

"பிடுங்கறதுன்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. ஜிப்பை யாராவது பிடுங்குவாங்களா?"

"அப்புறம் ஏன் பதில் சொன்னீங்க?"

"பல்லைப் பத்திக் கேட்டுட்டாங்களே. விட முடியுமா? எனக்குத்தான் சொல்ல விஷயம் இருந்துச்சே." அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். அந்தத் தம்பி சொன்னாரு."

"தெரிஞ்சும் காசை எடுத்தியா?"

அவர் அந்த வீங்கிய கட்டைவிரலால் அவள் கையிலிருந்த உறையை இழுப்பறைப் பக்கமாகத் தள்ளினார். "பைத்தியம்," என்றார். அந்த வார்த்தையை அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. அதற்குள் அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. "ரெண்டு வேளை துலக்கணுமாம்," என்றார். அவ்வளவுதான். இருவரும் திரையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமலிருக்க ஆளுக்கொரு பெட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது அவர் முகத்தைத் துடைத்திருந்தார்.

"தம்பி, முழுப் பங்களிப்புன்னு சொன்னது நான்தான். கொடுத்தாச்சு. என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்."

"சார், விளையாடாதீங்க. வேன் வாடகை, ஆள் கூலி எல்லாம் இருக்கு. பாதிக்காவது வாங்க."

"பாதியில விடற வழக்கமில்லைங்க."

"கால் பங்களிப்புன்னா ஒரு நிமிஷம் காட்டுவோம். கடை வாசல் மட்டும்."

"வாசலைத்தான் எல்லாரும் தினமும் பாக்கறாங்களே. சும்மாவே."

ஒருங்கிணைப்பாளன் பதிவு செய்த பேச்சு, மேலிடம் என்று ஏதேதோ சொன்னான். கேமராக்காரர் இதற்கெல்லாம் பழகியவர் போல ஏற்கெனவே கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்ததும் தெரு அமைதியாகிவிட்டது. எல்லோரும் ஜிப்புக்காரரின் வாயைப் பார்த்தார்கள்.

"காசு கேட்டாங்க," என்றார் அவர், எல்லோரையும் பார்த்து. "நிறைய. இல்லைன்னுட்டேன்."

"டிவில வர்றதுக்கு நம்மகிட்டயே காசா?" என்றார் சாவிக்காரர். "நல்லவேளை, எனக்குக் கதவு திறக்காம இருந்துச்சு."

சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது. "ஒத்திகையே நல்லாத்தான் இருந்துச்சு," என்று நாத்தனார் மேலிருந்து தீர்ப்புச் சொன்னாள். "மூக்கு முடி வெட்டினது வீண் போகல."

வேன் வரை போன தொகுப்பாளினி மட்டும் திரும்பி வந்தாள். இப்போது முகத்தில் அந்தப் புன்னகை இல்லை. "சார், அந்த மெழுகுவத்தி, எது வேணா தேய்க்கலாமா? என் பையும் சிக்கிக்குது."

"வெள்ளைதான் தேய்க்கணும்மா. சாயம் போட்டது துணில ஒட்டிக்கும்," என்றார் அவர். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

மெஷின் அந்த வார இறுதியில் வந்து சேர்ந்தது. அதற்கு இடம் செய்ய ஸ்டூலை வெளியே எடுத்துப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் காலையே சாவிக்காரர், "என்ன டாக்டர், பல்லெல்லாம் சௌக்கியமா?" என்று ஆரம்பித்துவைத்தார். அட்டை பற்றிய கதையை அவர் காதில் போட்டது யார் என்பதை நாத்தனாரைத்தான் கேட்க வேண்டும். தெரு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஜிப்புக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பையை வாங்கி மேசையில் வைத்து, "எங்க, வாயைத் திற," என்பார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அழ இருந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். போகப்போக, பழைய பெயர் தெரியாதவர்கள்தான் அதிகமானார்கள்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வெளியூரில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்த ஒருவர், பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போன மாதம் படியேறினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பல் டாக்டர் இல்லீங்களா?"

"இல்லைங்க," என்றாள் அவள். பெட்டியை வாங்கி மேசைமேல் தூக்கி வைத்தாள். "எந்தப் பல்லு?"

"கீழ்வரிசைல," என்றார் வந்தவர். "மூலைலேருந்து மூணாவது."